ஒவ்வொரு கோப்புக்கும் பின்னால் ஒரு நஸ்ரீன்

போன வாரம் பிரதமேஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். நல்ல பிள்ளை. என்ன, எதையும் ஓட்டிப் பார்க்காமலே "ஹோ கயா மேடம்", அதாவது முடிந்துவிட்டது, என்று சொல்லும் வியாதி மட்டும் உண்டு. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"மேடம், யே நஸ்ரீன் கௌன் ஹை?" யார் இந்த நஸ்ரீன் என்றான்.

எங்கள் பழைய தேர்வு இணையதளத்தை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம். ஜாவாவில் எழுதியது. அதில் ஒவ்வொரு படத்தின் முகவரிக்குப் பின்னாலும், ஒவ்வொரு பிடிஎஃப் முகவரிக்குப் பின்னாலும் ஒரு கேள்விக்குறி, அதை அடுத்து நஸ்ரீன் என்ற பெயர், ஒரு சமக்குறி, ஓர் எண். கோப்பு மாறும்போதெல்லாம் எண் ஒன்று கூடும். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறதாம். மற்ற ஊர்களில் இதற்கு 'வெர்ஷன்' என்று மரியாதையாகப் பெயர் வைப்பார்கள்.

"புரானே மேனேஜர் கா கோயி சக்கர் தா க்யா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். பழைய மேனேஜருக்கு ஏதோ காதல் விவகாரமாம்! அந்த மேனேஜர் சேஷாத்ரி சாரைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே அவனுக்கு நாக்கு எழும்பியிருக்காது. போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். தமிழில்தான் எழுதுவேன் என்றதும் கொஞ்சம் தயங்கி, மெஷினில் போட்டு மொழிபெயர்த்துப் படித்துக்கொள்வதாகச் சொன்னான். படிக்கட்டும். மெஷினுக்கும் கொஞ்சம் புத்தி வரட்டும்.

நான் பேச்சியம்மாள். பிறந்து வளர்ந்தது மும்பையில், தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். கணக்கு வரும், வாய் அதைவிட நன்றாக வரும் என்பதால் என்னைப் படிக்க வைத்தார்கள். தாதரில் ஒரு மாடி வகுப்பில் ஆறு மாதம் ஜாவா படித்தேன். அதில் நான்கு மாதம், கம்ப்யூட்டர் காலியாகக் காத்திருந்ததுதான். பிறகு செம்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்து அங்கேயே கிழவியானேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சேஷாத்ரி சாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் டெவலப்மென்ட் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வீடு மாட்டுங்காவில். ஆனால் சின்ன வயதில் வளர்ந்தது அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில். அங்கே கேட்டில் பாஸ் காட்டாமல் எவரும் நுழைய முடியாது. கல்யாணத்துக்கு வந்த தாய்மாமாவாக இருந்தாலும் கேட்டில் நின்று பெயர் எழுத வேண்டும். உலகமே அப்படித்தான் நடக்கிறது, அப்படித்தான் நடக்கவும் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் பத்து வயதிலேயே வந்திருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு பச்சை அட்டை ஃபைல் இருந்தது. இணையதளத்தில் ஒரு புள்ளியை நகர்த்த வேண்டுமானாலும் அதிலுள்ள ஃபாரத்தை நிரப்பி அவர் மேஜையில் வைக்க வேண்டும். டைப் அடித்துக் கொடுத்தால் வாங்கமாட்டார். கையால் எழுத வேண்டும். முதலில் பென்சிலில், அவர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்து, தலையாட்டிய பிறகு, அதன் மேலேயே பேனாவில். கம்பெனி அச்சடித்த ஃபாரத்தில் இரண்டு கேள்விகள்தான்: என்ன மாற்றம், எதற்காக. மூன்றாவது கட்டத்தை அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்ப்பார். ஒவ்வொரு ஃபாரத்திலும், கையால். அதில் கேள்வி இது: 'இது உடைந்தால் முதலில் அழப்போவது யார்?'

"வாடிக்கையாளர்னு எழுதக்கூடாது" என்பார். "வாடிக்கையாளர் அழமாட்டான், கத்துவான். அழறது வேற ஆளு. அது யாருன்னு யோசிச்சு எழுதுங்கோ."

நான் அந்தக் கட்டத்தைத் தமிழில்தான் நிரப்புவேன். அந்த ஆபீஸில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தமிழ் படிக்கத் தெரியும். சில நாள் 'ஆண்டவன்' என்று எழுதுவேன். சில நாள் 'கேன்டீன்காரர்' என்று எழுதுவேன். அவர் சிரிக்காமல் ரப்பரால் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நர்ஸிங் படிப்புக்கு நுழைவுத் தேர்வு நடத்தும் ஓர் அமைப்புக்கு நாங்கள் இணையதளம் செய்து கொடுத்தோம். விண்ணப்பம், ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாம் அதில்தான். அதை வடிவமைத்தவர் சேஷாத்ரி சார். கேட்க வேண்டுமா? ஒரே ஒரு கேட். வருகிற கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் நிரலை ஜாவாவில் சர்வ்லெட் என்போம். அதற்கு எந்தெந்த முகவரிகள் பொறுப்பு என்று ஒரு கோப்பில் எழுத வேண்டும். அவர் அங்கே ஒரு சாய்கோடும் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுவிட்டார். அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம்: எது வந்தாலும் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

மாட்டுங்காவில் ஒரு ஓட்டலுக்குப் போகிறீர்கள். தோசை கேட்டால் சமையல்காரர் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் தண்ணீர் டம்ளர் மேஜையிலேயே இருக்கும், எடுத்துக் குடிக்கலாம். ஒருவருடைய ஹால் டிக்கெட் என்பது தோசை. அமைப்பின் சின்னம், பக்கத்தின் வண்ணம், அறிவிப்பு பிடிஎஃப் இவையெல்லாம் தண்ணீர். சேஷாத்ரி சாரின் ஓட்டலில் தண்ணீருக்கும் சமையல்காரர் அடுப்பை விட்டு வந்து, உங்கள் பெயர் கேட்டு, டேட்டாபேஸில் சரிபார்த்து, பிறகுதான் ஊற்றுவார்.

விண்ணப்பம் திறந்த முதல் நாளே சந்தி சிரித்தது. லாகின் பக்கத்துக்கு வண்ணம் கொடுக்கும் கோப்பைப் பார்க்கவும் லாகின் செய்திருக்க வேண்டுமாம்! லாகின் பக்கமோ இன்னும் திறக்கவேயில்லை. பக்கம் மொட்டையாக நின்றது. அது போதாதென்று, ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள முப்பது நாற்பது படங்களும் தனித்தனியாக வந்து கேட்டில் வரிசையில் நின்றன. மதியத்துக்குள் மொத்தமும் படுத்துவிட்டது.

நான் அவரிடம் போய் நட்சத்திரத்தை எடுக்க வேண்டும் என்றேன். மாறாத கோப்புகளைத் தனி ஃபோல்டரில் போட்டு, அவற்றைக் கொடுக்க முன்னால் ஒரு சின்ன சர்வரை நிறுத்துவோம். தோசை மட்டும் ஜாவாவுக்குப் போகட்டும். கூடவே, அந்தக் கோப்புகளை ஒருமுறை வாங்கிய பிரவுசர் ஒரு வருடத்துக்குத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும், மறுபடி நம்மைக் கேட்கவே வேண்டாம்.

"கேட்டைத் தவிர சுவத்துல இன்னொரு ஓட்டையா? வர்றவா போறவா யாருன்னு எப்படித் தெரியும்?"

"தண்ணி குடிக்க வாரவன் பேரு எதுக்கு சார் நமக்கு?"

பச்சை ஃபைலை இரண்டு முறை மூடித் திறந்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கோப்பைச் சின்ன சர்வரே கொடுக்கட்டும். ஆனால் பிடிஎஃப் இணைப்பை யாராவது அமுக்கினால், அது முதலில் அவருடைய கேட்டுக்கு வந்து, விண்ணப்ப எண்ணையும் நேரத்தையும் பதிந்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். கிழத்துக்குப் பிடிவாதத்தைப் பார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே செய்து கொடுத்தேன்.

ஃபாரத்தில் மூன்றாவது கட்டம் வந்தது. இது உடைந்தால் முதலில் அழப்போவது யார்? 'யாருமில்லை' என்று எழுதினேன். அன்று வேடிக்கைக்காக எழுதவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் விரல் அங்கே நின்றது. "யாருமில்லைன்னு எழுதாதீங்கோ பேச்சி. தெரியலைன்னு எழுதுங்கோ."

"தெரிஞ்சுதான் சார் எழுதுதேன்."

கையெழுத்துப் போட்டார். மறுநாள் தளம் பறந்தது. முதலாளி கேக் வெட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. சேஷாத்ரி சார் ஓய்வு பெற்றதும் அந்த இடம் பேச்சிக்குத்தான் என்று லிஃப்டில் பேசிக்கொண்டார்கள். நானும் கேளாததுபோல் கேட்டுக்கொண்டேன்.

தேர்வு நெருங்கியது. ஹால் டிக்கெட்டில் மைய எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்தப் பள்ளி என்பது தனியாக ஒரு பிடிஎஃப் பட்டியல். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை அந்த அமைப்பு திடீரென்று ஒரு மையத்தை வடாலாவிலிருந்து வெகு தூரத்திலுள்ள முலுண்டுக்கு மாற்றியது. புதிய பட்டியலை அனுப்பினார்கள். அதே பெயரில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தோம். 'திருத்திய பட்டியலைக் கட்டாயம் பார்க்கவும்' என்று முகப்பில் சிவப்பில் ஓடவிட்டோம். ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். ஐந்திலும் முலுண்ட். ஹோ கயா.

இங்கேதான் எங்கள் சாதிக்கே உரிய முட்டாள்தனம் இருக்கிறது. இணையதளம் செய்கிறவர்கள் எந்தப் பக்கத்தையும் சாதாரணமாகத் திறக்கமாட்டோம். கன்ட்ரோலையும் எஃப் ஐந்தையும் சேர்த்து அமுக்கித்தான் திறப்போம். அமுக்கினால் பிரவுசர் தன்னிடம் இருப்பதை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வரும். வருடக்கணக்கான கைப்பழக்கம், அமுக்குகிறோம் என்பதே தெரியாது. ஊரில் எவன் அப்படித் திறக்கிறான்?

ஞாயிறு முடிந்து புதன்கிழமை, அந்த அமைப்பிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பெண் தவறான மையத்துக்குப் போய்த் தேர்வைத் தவறவிட்டு, இணையதளம்தான் காரணம் என்று புகார் செய்திருக்கிறாள். தேர்வுக்கு முந்தைய புதன் மாலையிலிருந்து சரியான பட்டியல்தான் தளத்தில் இருந்தது என்று எங்களிடம் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "லாக் மே சஹி ஹை நா? தோ சைன் கரோ." பதிவில் சரியாகத்தானே இருக்கிறது, கையெழுத்துப் போடு. பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சான்றிதழை டைப் அடித்தேன்.

கையெழுத்துப் போடும் முன்பு அந்தப் பெண்ணே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். பக்கத்தின் அடியில் இருந்த எங்கள் கம்பெனி பெயரைப் பார்த்து விலாசம் தேடி வந்திருக்கிறாள். கூடவே அவள் அப்பா பீர் முகமது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். ரிசப்ஷனில் இந்தியில் கெஞ்சிக்கொண்டிருந்தவர், நான் பேசியதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"எங்க ஊருப் பக்கத்துப் பேச்சாட்டம் இருக்கு. நீங்களாவது கேளுங்கம்மா. எம்மவ பொய் சொல்லமாட்டா. அடுத்த வருசம் வயசு தாண்டிரும், எழுத விடமாட்டாவ. இதுதான் கடைசி."

அந்தப் பெண், நஸ்ரீன், அழவில்லை. கோபமாக இருந்தாள். "ஆன்ட்டி, நான் ஃப்ரைடே திருப்பி செக் பண்ணேன். சிவப்புல போட்டிருந்துச்சுல்ல, அதை கிளிக் பண்ணித்தான் பாத்தேன். வடாலான்னுதான் வந்துச்சு. கசம் சே, சத்தியமா."

"எங்க வச்சுப் பாத்தே?"

"நைன்ட்டி ஃபீட் ரோட்டுல, ப்ரௌஸிங் சென்டர். மூணாம் நம்பர் மெஷின். மண்டே மொதல்ல பாத்ததும் அதுலதான்."

வடாலா பள்ளியில் வாட்ச்மேன், தேர்வு இங்கே இல்லை என்றிருக்கிறார். முலுண்டுக்கு ஓடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, தண்டவாள வேலைக்காகப் பாதி ரயில்களை நிறுத்திவிடும் மெகா பிளாக். போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தி இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

அவள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வருடம். அந்த மூன்றாம் நம்பர் மெஷினிடம், இந்தப் பட்டியலை ஒரு வருடம் வைத்துக்கொள், எங்களைக் கேட்கவே கேட்காதே என்று சொன்னவள் நான். அது சொன்னபடி கேட்டிருக்கிறது.

அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பதிவேடுகளையும் எடுத்தேன். சின்ன சர்வரின் பதிவேட்டில், தாராவி சென்டரிலிருந்து திங்கட்கிழமை பட்டியலை வாங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வாங்கவேயில்லை. இதை மட்டும் பார்த்தால் யாரும் என்ன சொல்வார்கள்? அந்தப் பெண் திருத்திய பட்டியலைப் பார்க்கவேயில்லை, பொய் சொல்கிறாள் என்பார்கள். சேஷாத்ரி சாரின் கேட் பதிவேட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து ஒன்பதுக்கு நஸ்ரீனின் விண்ணப்ப எண். பட்டியல் இணைப்பை அமுக்கியிருக்கிறாள். அந்தக் கேட்டில் பெயர் எழுதிவிட்டுக் கிளம்பியவள் அடுத்த வாசலுக்கு வந்து சேரவில்லை. நடுவில் பிரவுசர் மறித்து, தன்னிடமிருந்த பழையதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. நான் மனதுக்குள் திட்டிக்கொண்டே போட்ட அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவளுக்குச் சாட்சியே கிடையாது.

இரண்டையும் பிரிண்ட் எடுத்து சேஷாத்ரி சார் மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்தார். பெரிய மனுஷர், சொல்லிக்காட்ட மாட்டார் என்று நினைத்தேன்.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார். சற்றுக் கழித்து இன்னொரு முறை சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது முறையும் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து பச்சை ஃபைலை எடுத்து, என் பழைய ஃபாரத்தைத் தேடிப் பிடித்து வெளியே வைத்தார். மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்தில் 'யாருமில்லை'.

"இதையும் சேர்த்து அனுப்பணும்" என்றார்.

"சார், முதலாளி..."

"அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா கீழே இருக்கற கையெழுத்து என்னோடதுன்னு தெரியும். நீங்கோ தப்புப் பண்ணினேள், நான் சரின்னு சொன்னேன். ரெண்டு பேரும்தான் எழுதிக் கொடுக்கணும்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஹெட் பதவி போகும், வேலையே போனாலும் போகும். ஆனாலும் அந்தச் சான்றிதழை இரண்டாகக் கிழித்தேன். முதலாளி கத்திய கத்தலைக் கேட்டுக் கீழே டீக்கடைக்காரர் மாடிக்கு வந்து பார்த்தார். சேஷாத்ரி சார் எங்கள் கடிதத்தையும் ஃபாரத்தையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டிருந்தார். கத்தல் ஓய்ந்ததும், கவரை எச்சில் தொடாமல் பசை வைத்து ஒட்டி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட்டதில் இன்னும் எட்டுப் பேர் அகப்பட்டார்கள். அதில் ஐந்து பேர் எப்படியோ முலுண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நஸ்ரீனோடு சேர்த்து நான்கு பேருக்குத் தேர்வு போயிருந்தது. அமைப்பு நிறைய முணுமுணுத்துவிட்டு அந்த நால்வருக்கும் தனியாகத் தேர்வு வைத்தது. எங்களையும் சும்மா விடவில்லை. சேஷாத்ரி சாரை 'ஆலோசகர்' என்று மூலையில் ஓர் அறைக்குத் தள்ளினார்கள். ஹெட் நாற்காலிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். நான் கடைசிவரை அதில் உட்காரவில்லை. வருத்தமா என்றால், வருத்தம்தான். பொய் எதற்கு?

அதற்குப் பிறகு கோப்பு மாறும்போதெல்லாம் முகவரியும் மாற வேண்டும் என்று முடிவு செய்தோம். முகவரி புதியதாக இருந்தால் பிரவுசர் பழையதைக் காட்ட முடியாது, எங்களைக் கேட்டே தீர வேண்டும். அதற்கான ஃபாரத்தைப் பென்சிலில் நிரப்பி மூலை அறைக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். சேஷாத்ரி சார் பென்சிலுக்குக் காத்திருக்காமல் நேராகப் பேனாவிலேயே எழுதினார்: 'நஸ்ரீன்'. அந்தப் பெயரைத்தான் நான் அப்படியே முகவரியில் ஒட்டினேன். வேறு எந்தச் சக்கரும் இல்லை, பிரதமேஷ்.

சோதனை முறையும் மாறியது. ஆபீஸில் பார்த்துவிட்டு ஹோ கயா சொல்லக்கூடாது. நான் பஸ் பிடித்து நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் போய், மூன்றாம் நம்பர் மெஷின் காலியாகும்வரை காத்திருந்து, ஊரார் திறப்பதுபோல் திறந்து பார்த்துவிட்டு வருவேன். சென்டர்காரர் கொஞ்ச நாள் என்னை வருமான வரிக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை இருக்கிறது.

புதிய இடத்தில் முகவரியை மாற்றுகிற வேலையை மெஷினே செய்துகொள்ளுமாம், பெயர் தேவைப்படாதாம். எடுத்துவிடு. பெயர் நின்றால்தான் ஞாபகம் நிற்கும் என்றில்லை.

அந்த வருடம் ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது.

"ஆன்ட்டி, நஸ்ரீன். பாஸ்னு காட்டுது. இது புதுசா, பழசா? நம்பலாமா?"

"எங்கட்டி இருக்கே?"

"அதே மெஷின்லதான். கன்ட்ரோலும் எஃப் ஃபைவும் மூணு வாட்டி அமுக்கிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் பதிவேட்டைத் திறந்தேன். திறந்த பிறகு எழுத்துத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தாராவியிலிருந்து, அவள் எண்ணில், ஒரு நிமிடத்துக்குள் மூன்று வரிகள். மூன்று முறையும் எங்களிடம் வந்து கேட்டிருந்தாள். மூன்று முறையும் நாங்கள்தான் பதில் சொல்லியிருந்தோம்.